பழுகாமத்து றாலும் ஆற்றுவாயும்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ஒரு வகை வீடியோ அடிக்கடி ஓடுகிறது. அமெரிக்காவிலோ சீனாவிலோ ஒருவர் ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டுவார். பெரிய இடுக்கிகளோடு சிவந்த றால் மாதிரி ஒன்றைப் பிடித்து வாளிக்குள் போடுவார். கிரேபிஷ் என்பது அதன் பெயர். “சேர், இது நம்மட ஆத்துல இல்லையா?” என்று வகுப்பில் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகலாம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் நமது ஆற்றின் வரலாறே கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இல்லை என்பதுதான் பதில். உலகில் 600இற்கும் மேற்பட்ட கிரேபிஷ் இனங்கள் இருக்கின்றன. அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா, அவுஸ்திரேலியா, மடகஸ்கார் எங்கும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆபிரிக்கப் பெருநிலத்திலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. நன்னீர்ச் சிங்க இறால் என்று நாம் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பெயருக்குரிய உயிர் நம் நீரில் கிடையாது. நம் நீரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது றால்.

இறால் என்று புத்தகத்தில் எழுதுகிறோம். வாயால் சொல்லும்போது அது றால். சங்கப் பாடல்களில் இறவு, இறா என்று வருகிறது. கடலும் கழியும் சேரும் நெய்தல் நிலத்துக்குரிய உயிராக அதை அன்றே பாடினார்கள். ஆக, பெயரே இரண்டாயிரம் வருடப் பழசு.

■ ஊரும் ஆறும்

வெளியூர் நண்பர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வரைபடத்தில் அது வாவி, நமது பேச்சில் அது ஆறு. அதற்குக் கிழக்கே கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்பதுதான் பொருள்.

பழுகாமம் படுவான்கரையில், போரதீவுப்பற்றில் உள்ளது. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். திரௌபதி அம்மன் ஆலயத்தாலும் கண்டுமணி மகா வித்தியாலயத்தாலும் அறியப்பட்ட ஊர். பெயரின் கடைசியிலுள்ள ‘காமம்’ கிராமத்தைக் குறிக்கும் பழைய சொல். உறுகாமம், கதிர்காமம் என்ற பெயர்களிலும் அது இருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளாமை, மறுபக்கம் ஆறு. இப்படிப்பட்ட ஊரில் நெல்லும் றாலும் ஒரே சட்டியடிக்கு வருவது இயல்பு.

ஆறு கடலைத் தொடும் இடங்கள் இரண்டுதான். வடக்கே மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் ஆற்றில் வரத்துக் குறைந்ததும் அலை மணலைக் குவித்து வாயை மூடிவிடும். மாரியில் வெள்ளம் வந்ததும் வாய் உடையும், அல்லது நாம் வெட்டித் திறப்போம். அதற்கு ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ என்று பெயர்.

இந்த வாயின் பெறுமதி அந்நியருக்கும் தெரிந்திருந்தது. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கடலிலிருந்து உள்ளே வரும் வழியைப் பார்த்தபடி இருக்கும் தீவு அது. பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் வாவியின் பாடும் மீனைப்பற்றித் தன் நூலில் எழுதினார். மீனுக்கு உலகப் புகழ் கிடைத்தது. ஊரின் வயிற்றை நிரப்பிய றாலுக்கு அப்படியொரு எழுத்தாளர் கிடைக்கவில்லை.

■ ஒரே வாய், எதிரெதிர்ப் பயணம்

நாம் பிடித்துத் தின்னும் றால் இரண்டு பெரிய கூட்டம்.

முதலாவது கடல்வழி வருவது. வெள்ளை றாலும் புலி றாலும் இதில் அடங்கும். தாய் றால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு மிதந்து பல உருவம் மாறி, சில வாரங்களில் ஆற்றுவாயால் உள்ளே வரும். புற்படுக்கையிலும் கண்ணா, கிண்ணை மரங்களின் வேருக்குள்ளும் ஒளிந்து, மூன்று நான்கு மாதம் தின்று வளரும். பருத்ததும் வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும். ஆறு அதற்குப் பிள்ளை வளர்க்கும் வீடு.

இரண்டாவது ஆற்று றால். நீண்ட நீல இடுக்கிகளோடு கையளவுக்கு மேல் வளரும் பெரிய நன்னீர் இறால் இந்தக் கூட்டத்தின் தலைவர். கிரேபிஷுக்கு மிக நெருங்கிய தோற்றமுள்ள நம்மூர் உயிர் இதுதான். இது நேர் எதிர். நன்னீரில் வாழும், ஆனால் முட்டை கட்டிய தாய் உவர் கலந்த நீருக்கு இறங்கி வரவேண்டும். தனி நன்னீரில் குஞ்சு பிழைக்காது.

இந்த உண்மையை விஞ்ஞானம் கண்டுபிடித்தது அண்மையில்தான். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ-வென் லிங் என்ற ஆய்வாளர் பொரிந்த குஞ்சுகளை நன்னீரில் வைத்துப் பார்த்தார், எல்லாம் செத்தன. உப்புச் சேர்த்த நீரில் வைத்ததும் பிழைத்தன. இன்று உலகெங்கும் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்பு அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது.

ஒன்று குஞ்சாக உள்ளே வந்து பெரிதாக வெளியே போகிறது. மற்றது பெரிதாகக் கீழே வந்து குஞ்சாக மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் உப்பும் நன்னீரும் கலக்கும் களம் வேண்டும். கடலுக்கும் ஆற்றுக்கும், ஆற்றுக்கும் குளத்துக்கும் இடையிலுள்ள வழி அடைபட்டால், அந்த அடைப்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள இரு சாராரின் சட்டியும் காயும். நமது றாலின் வரலாறு முழுக்க இந்த வழிகளின் வரலாறுதான்.

■ பிடித்த விதம்

முன்னையோர் றால் பிடிக்கப் பெரிய முதல் போடவில்லை. இடுப்பளவு நீரில் நின்று வீசும் வீச்சு வலை, மூங்கில் வளையத்தில் கட்டிய அத்தாங்கு, கலங்கிய தண்ணீரில் குத்தி மூடும் கரப்பு, ஒரு தோணி. இவ்வளவும் இருந்தால் ஒரு குடும்பம் சாப்பிடும். வலையே இல்லாதவர் கரையோரச் சேற்றில் கையால் தடவிப் பிடித்தார்.

றால் இரவில் இரைதேடும் உயிர். பகலில் சேற்றுக்குள் புதையும், இருட்டியதும் வெளியே வரும். வெளிச்சம் பட்டால் அதன் கண் சிவப்பாக மின்னும். சூள் பிடித்தும், பின்னாளில் பெற்றோல்மக்ஸ் பிடித்தும், அந்த மின்னலைப் பார்த்து அத்தாங்கை வைத்தார்கள். நிலாக் காலத்தைவிட இருட்டு நாளில் பாடு கூட என்பது தோணிக்காரர் எவருக்கும் தெரிந்த கணக்கு.

பெரியது விற்பனைக்கு, சின்னது வீட்டுக்கு. முருங்கைக்காயோடு பால்கறி, சொதி, பொரியல். கூனியைக் காயவைத்துச் சம்பல் இடித்தால் மாரியில் ஆற்றில் இறங்க முடியாத நாட்களுக்கும் கறி இருக்கும். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தின் சேமிப்பு அது.

முஸ்லிம் ஊர்களிலும் றால் அதே விருப்பத்தோடு சமைக்கப்பட்டது. இதில் ஒரு சிறு மார்க்க விளக்கம் உண்டு, பிறமத நண்பர்களும் அடிக்கடி கேட்பதால் சொல்கிறோம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். அதில் றால் தடையின்றி ஆகும். ஹனபி அறிஞரிடையே றால் மீன் வகையில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீரிலும் தரையிலும் வாழ்வது என்பதால் நண்டை நம்மில் பலர் உண்பதில்லை. நண்டு பிடிபட்டால் அதைத் தமிழ் நண்பருக்குக் கொடுத்துவிட்டு றாலை வாங்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு இதுதான் காரணம்.

கொடுக்கல் வாங்கல் அதோடு நிற்கவில்லை. எழுவான்கரை முஸ்லிம் வியாபாரிகள் புடைவையும் பலசரக்கும் கொண்டு மண்முனைத் துறையாலும் பட்டிருப்பாலும் படுவான்கரைக்குப் போனார்கள். நெல், தயிர், தேன், ஆற்று மீன் இங்கே வந்தது. காசு குறைந்த காலத்தில் பண்டமாற்றே நடந்தது. முஸ்லிம்களுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது, தமிழ்ப் போடியார்களோடு பங்கும் நட்பும் இருந்தது. தாய்வழியாக வரும் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது என்பதை நினைவில் வைத்தால் இந்த நெருக்கம் புதிராகத் தெரியாது.

■ சாப்பாடு சரக்கானபோது

1977இற்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. ஐஸும் லொறியும் வந்தன. றால் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. ஊரில் கறியாகக் கிடந்த உயிருக்குக் கொழும்பில் டொலர் விலை. பெரிய றால் ஊரில் நிற்பது குறைந்தது. கரையோரங்களில் பண்ணைகளும் வந்தன.

அவற்றில் ஒன்றின் பெயரைக் கேட்டாலே படுவான்கரை இன்றும் மௌனமாகும். 1987 ஜனவரி 27, 28ஆம் திகதிகளில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையில் 80இற்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலைசெய்தவர்களும் அவர்களில் அடங்குவர். ‘இறால் பண்ணைப் படுகொலை’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. குளம் வெட்டவும் தீன் போடவும் போன ஏழைப் பிள்ளைகள் அவர்கள்.

மூன்று வருடம் கழித்து, 1990 ஓகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதன்பின் துறைகளைக் கடக்க முஸ்லிம்கள் அஞ்சினர். படுவான்கரையிலிருந்த வயல்களை இழந்தவர்கள் பலர். ஒரு துயரத்தை இன்னொன்றால் சமன்செய்ய நாம் இதை எழுதவில்லை. இரண்டும் நடந்தன, இரண்டையும் நமது பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

யுத்த காலத்தில் ஆறு எல்லைக்கோடாக இருந்தது. ஒரு கரையில் இராணுவம், மறுகரையில் புலிகள். றால் வெளியே வரும் நேரம் இரவு. இரவில் ஆற்றில் இறங்குவதோ உயிராபத்து. அதனால் தொழில் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படுவான்கரையில் சண்டை ஓய்ந்தது 2007இல். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. தோணியில் கடந்த துறையை இன்று இரண்டு நிமிடத்தில் கடக்கிறோம். இரு கரையும் மறுபடி ஒன்றின் வாசலில் ஒன்று நிற்கின்றன.

■ வெளியூர் தரும் பாடம்

இப்போது கிரேபிஷுக்குத் திரும்புவோம். சுவீடனில் கிரேபிஷ் உண்பது ஓகஸ்ட் மாதத்துக் கொண்டாட்டம். நாம் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் கூடுவதுபோல அங்கே அதற்கென்றே கூடுவார்கள். அந்த நாட்டின் சொந்த இனத்தை 1907இலிருந்து ஒரு நோய் அழிக்கத் தொடங்கியது. ‘கிரேபிஷ் கொள்ளைநோய்’ என்ற அது வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1860 அளவிலேயே இத்தாலியில் தலைகாட்டி, நாடு நாடாகப் பரவியது. இழப்பை ஈடுசெய்ய 1960இல் சுவீடன் அமெரிக்காவிலிருந்து வேறோர் இனத்தைக் கொண்டுவந்து ஏரிகளில் விட்டது. புதிய இனம் நோயைத் தாங்கிக்கொண்டது, ஆனால் அதே நோயைச் சுமந்தும் திரிந்தது. மிஞ்சியிருந்த சொந்த இனமும் அதனால் அழிந்துகொண்டிருக்கிறது.

கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970இல் அமெரிக்கச் சிவப்புக் கிரேபிஷை விட்டார்கள். நம்மைப்போலவே கிரேபிஷ் இல்லாத நாடு அது. வந்த விருந்தாளி ஏரியின் நீர்த்தாவரங்களைத் தின்று தீர்த்தது.

நமது நாட்டிலும் பாடம் உண்டு. புத்தளம், சிலாபம் கரையில் கண்ணாக்காடு வெட்டி இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. ஒரு பண்ணை வெளியேற்றிய நீரையே அடுத்த பண்ணை உள்ளெடுத்ததால் வேகமாகப் பரவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. மரமும் இல்லை, றாலும் இல்லை என்ற நிலை.

ஆகவே ஆரேனும் ஒரு கிரேபிஷ் சோடியை அலங்கார மீனாக வாங்கி வளர்த்தாலும், அலுத்ததும் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நல்ல பாடமும் இருக்கிறது. நீர்கொழும்பு வாவியின் வாயில் ‘கட்டுடெல்’ என்ற கட்டுவலைத் தொழில் நடக்கிறது. இரவில் வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும் றாலை அங்கே மறிப்பார்கள். நல்ல இடம் சில, ஆட்கள் பலர். அடிதடி வராமல் இருக்க நான்கு மீனவர் சங்கங்கள் இடத்தையும் முறைநாளையும் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1958இல் அரசாங்கமே அந்த வழக்கத்தை ஒழுங்குவிதியாக்கியது. தமிழ்நாட்டுப் பழவேற்காட்டு ஏரியிலும் ‘பாடு’ என்ற பெயரில் இதே மாதிரியான முறை உண்டு. ஒரே வாயை நம்பிப் பலர் வாழும்போது, முறைவைத்துப் பங்கிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

■ நமது வாசலில் உள்ள பிரச்சினை

நம்மிடம் வாய்க்குப் பங்காளிகள் இரண்டு வகை. மாரியில் வயல் தாழ்ந்தால், “வாயை வெட்டுங்கள், வெள்ளாமை அழுகுது” என்று விவசாயி கேட்பார். அது நியாயம். “அவசரப்பட்டு வெட்டினால் ஆற்று நீர் ஒரேயடியாகக் கடலுக்கு ஓடும், வளராத றாலும் மீனும் அதோடு போகும்” என்று மீனவர் சொல்வார். அதுவும் நியாயம். மாவட்டச் செயலகத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு எதுவானாலும் ஒரு சாரார் மனக்குறையோடு வீடு திரும்புவர். பழுகாமம் மாதிரியான ஊரிலோ வயலும் தோணியும் ஒரே வீட்டில் இருக்கும். அங்கே இந்த வழக்கு ஒரே திண்ணையில் நடக்கிறது.

வாய் மட்டுமல்ல வழி. மேலே கல்லோயா, உன்னிச்சை, நவகிரி என்று அணைகள் நமக்குச் சோறு தருகின்றன. ஆனால் அணைக்கு மேலே போன ஆற்று றால் உவர் நீருக்கு இறங்க முடியாமல் இனம்பெருக்காது. அதனால்தான் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை, நக்டா என்று நாம் சொல்வது, பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் குளங்களில் விடவேண்டியிருக்கிறது. கீழே கரைகளை மண்போட்டு நிரப்புகிறோம். கண்ணாவையும் கிண்ணையையும் வெட்டுகிறோம். ஆற்றுவாழை மூடிய இடத்தில் வெளிச்சமும் காற்றும் நீருக்குள் இறங்குவதில்லை. குப்பையும் கழிவும் இரு கரையிலிருந்தும் போகின்றன. இதில் தமிழர் குப்பை, முஸ்லிம் குப்பை என்று றால் பிரித்துப் பார்ப்பதில்லை.

வலையும் மாறிவிட்டது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இன்னும் ஆற்றில் விழுகிறது. சிறுகண் வலை விரலளவுக் குஞ்சையும் விடாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அதிகாரிகள் வலையைப் பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் 56 கிலோமீற்றர் ஆற்றை அதிகாரி ஒருவர் காவல்காக்க முடியாது. வாங்குபவர் இருக்கும்வரை வலையும் இருக்கும். வாங்குபவர் நாம்தான்.

அதனால் நாம் எல்லோரும் செய்யக்கூடிய சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சந்தையில் விரலளவு றால் குஞ்சைக் குவித்து விற்றால் வாங்காதீர்கள். விலை மலிவுதான், ஆனால் மூன்று மாதம் பொறுத்தால் அதே றால் பல மடங்கு நிறையோடு வரும்.

ஆற்று றால் வயிற்றில் முட்டை கட்டியிருந்தால் பிடித்தவர் திரும்ப விட்டுவிடுங்கள். ஒரு பெரிய தாய் பல்லாயிரக்கணக்கில் முட்டை சுமக்கும்.

ஆற்றுவாய் வெட்டும் காலத்துக்கு முன்பே, வெள்ளம் தலைக்கு மேலே வரும்வரை காத்திராமல், விவசாய அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் கூடிப் பேசட்டும். எத்தனை அடி நீர் ஏறினால் வெட்டுவது, எந்த நாளுக்கு முன் வெட்டுவதில்லை என்று முன்கூட்டியே ஒரு முறை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். நீர்கொழும்பில் முடிந்தது இங்கே முடியாதா? அந்தக் கூட்டத்தில் இரு கரையாரும் இரு சமூகத்தாரும் இருக்கவேண்டும். பள்ளிவாசல், ஆலய நிருவாகங்கள் முன்நின்றால் சனம் கேட்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கொண்டு பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் எந்த றால் வந்தது, எந்தக் குடாவில் பாடு கூட, எந்தக் கரையில் கண்ணா இருந்து அழிந்தது, வலைக்கும் கரப்புக்கும் ஊரில் சொன்ன பெயர்கள் என்ன? வீச்சு வலை பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்களிடம் உள்ள அறிவு புத்தகத்தில் இல்லை.

பழுகாமம், போரதீவு, மண்டூர், குருமண்வெளி, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி உறவுகளே, உங்கள் வீட்டு மூத்தோர் சொன்னவற்றைக் கீழே எழுதுங்கள். நாம் விட்டதைச் சேருங்கள். எல்லாவற்றையும் தொகுத்துப் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதியாவது கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.